சுண்ணாம்புக்கு அடியில் பன்றி வேட்டை

கருவியின் தலை இடப்பக்கம் கிளம்பி, மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, வலப்பக்கம் போய்ச் சேர்ந்து, ஒரு வரி கீழே இறங்கி, மறுபடியும் இடப்பக்கத்துக்கு வந்து நின்றது. இனி அடுத்த வரி. நல்லசிவத்துக்கு இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேலை ஒன்றும் இல்லை, இன்றைக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. காலையில் அருங்காட்சியகத்துக்கு வந்து, கருவியைப் பூட்டி, சுவர்த்துண்டை மட்டம் பார்த்து நிறுத்தி, கேபிள்களைச் சொருகி, சோதனை ஓட்டம் ஓட்டிப் பார்க்கும்வரை எதுவும் தோன்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சை விளக்கு எரிந்து தலை நகர ஆரம்பித்ததும் அரசியின் முகம் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. முகம்கூட இல்லை. சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தவளின் காது, காதில் தோடு, தோட்டுக்குக் கீழே சிந்திய தோசைமாவு. மாவு வெள்ளையாக இருந்தது. அப்புறம் வெள்ளையாக இல்லை. விழுந்துவிட்டாள், அவ்வளவுதான், மாவு சிந்திக் கிடந்தது, வழுக்கிவிட்டாள், மேடைக்கல்லின் விளிம்பு நெற்றியில் பட்டுவிட்டது, எந்த வீட்டில் நடக்காது. பெண்டாட்டி விழுந்து கிடக்கும்போது எந்தப் புருஷன் கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவான் என்று ஒரு குரல் கேட்டது, அவன் குரல்தான், அதற்கு அவன் வேலை இருந்ததே என்று பதில் சொன்னான். இந்தச் சுவர்த்துண்டுக்காக மூன்று மாதமாக அலைந்து அனுமதி வாங்கியிருக்கிறது. இன்றைக்கு விட்டால் கருவி வேறு ஊருக்குப் போய்விடும். எழுந்திருந்திருப்பாள். எழுந்து முகம் கழுவி, மாவைத் துடைத்து, மஞ்சள் வைத்து, இந்நேரம் படுத்திருப்பாள். அரசி கெட்டி உடம்புக்காரி. கருவி மெல்ல முனகியது. இடமிருந்து வலம்.

சுவர்த்துண்டு தெற்கே ஏதோ ஒரு மண்டபத்திலிருந்து வந்தது. கூரை இடிந்து விழுந்தபின் மிச்சமிருந்த சுவரில் ஒரு கதவளவுக்கு அறுத்து, பின்னால் பலகை கொடுத்து, வைக்கோல் மெத்தையில் படுக்கவைத்து லாரியில் கொண்டுவந்தார்கள். பார்வைக்கு வெறும் சுண்ணாம்புச் சுவர். திருவிழாவுக்குத் திருவிழா எவனோ சுண்ணாம்பில் மட்டையை முக்கி முக்கி அடித்திருக்கிறான், அடியில் சித்திரம் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல். அதைச் சுரண்டாமல், தொடாமல் பார்க்கத்தான் இந்த டெராஹெர்ட்ஸ் கருவி. வானொலி அலையும் இல்லை, வெளிச்சமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஓர் அலை. சுண்ணாம்புக்குள் நுழையும், துணிக்குள் நுழையும், காகிதத்துக்குள் நுழையும், ஒவ்வொரு பூச்சின் அடியிலும் கொஞ்சம் முட்டித் திரும்பிவரும். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்துப் பூச்சின் கனத்தைச் சொல்லிவிடலாம். எங்கே பூச்சு சுவரைவிட்டு விலகி நடுவில் காற்று புகுந்திருக்கிறதோ அந்த இடத்தையும் காட்டிக்கொடுக்கும். இரும்பில் நுழையாது. தண்ணீரிலும் நுழையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவரும் நாளில் அவன் தன் கையைக் கருவிக்கு முன்னால் நீட்டிக் காட்டுவான், திரை கறுத்துப்போகும், 'பாத்தீங்களா, நம்ம உடம்பு பூரா தண்ணி, அதனால இது தோலோட நின்னுரும்' என்பான், பிள்ளைகள் கைதட்டும். கோமதியும் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நின்றாள். கைதட்டவில்லை. திரையைப் பார்க்காமல் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதி ஒன்பதாம் வகுப்பு, ஒரே மகள், பள்ளி வேன் நாலு மணிக்குமேல் தெருமுனையில் இறக்கிவிடும். அவளிடம் ஒரு சாவி உண்டு. கதவைத் திறப்பாள், பையைக் கழற்றிப் போடுவாள், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போவாள். அங்கே வந்து நினைப்பு முட்டிக்கொண்டது. திரும்பிப் போயிற்று. கதவைத் திறப்பாள், பையைக் கழற்றுவாள். அரசி எழுந்திருந்திருப்பாள். எழுந்திருக்காவிட்டால், தண்ணீர் குடிக்க. பையைக் கழற்றுவாள். இல்லை, இன்னும் முன்னாலிருந்து: கதவு. கதவைப் பூட்டும்போது கண்ணில் ஏதோ பட்டது. என்ன அது. வாசலில் ஏதோ ஒன்று, வழக்கமாக அந்த நேரத்தில் அங்கே இருக்கக்கூடாத ஒன்று, பார்த்தான், பார்த்துக்கொண்டே பூட்டினான், என்னவென்று இப்போது வரவில்லை.

நிலோபர் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், இரண்டு கையிலும் டீ. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுதுபார்ப்பவள். அவன் படம் எடுத்துக் கொடுத்தபின் இந்தச் சுண்ணாம்பைச் சின்னக் கத்தியால் துளித்துளியாக எடுக்கப்போவது அவள்தான், அதனால் எங்கே பூச்சு விலகியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாகவேண்டும், தெரியாமல் கத்தி வைத்தால் சித்திரமும் சேர்ந்து உதிர்ந்துவிடும். அவன் டம்ளரை வாங்கக் கை நீட்டினான். சட்டைக்கை மேலே ஏறியது. 'என்ன சார் கையில?' என்றாள். மணிக்கட்டிலிருந்து உள்ளே மூன்று கோடு, ஒன்றில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. 'பூனை,' என்றான். எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தச் சொல், யாரோ ஏற்கெனவே வாயில் வைத்துவிட்டுப் போனதுபோல. 'பூனையா? உங்க வீட்லயா?' 'மாடிக்கு வரும். அரசி சோறு வைப்பா.' 'போன மாசம் அக்காகிட்ட பருப்புப்பொடி வாங்க வந்தப்ப பாக்கலையே.' 'இப்பத்தான் கொஞ்ச நாளா.' நிலோபர் அவன் கையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். 'ஊசி போட்டுக்கோங்க சார். பூனை நகம் நல்லதில்ல,' என்றாள். அப்புறம், 'அரசி அக்கா எப்படி இருக்காங்க?' 'இருக்கா.' 'போன் போட்டேன், எடுக்கல. பொடி தீந்துபோச்சு.' 'தூங்கியிருப்பா,' என்றான். நிலோபர் தலையாட்டிவிட்டு மூலையில் இருந்த தன் மேஜைக்குப் போனாள், பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்ட ஆரம்பித்தாள். அவன் டீயைக் குடித்தான். பூனை இப்போது அவனுக்குள் முழுசாக உருவாகிவிட்டது, கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது கிழிந்து. அதைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி மாடிச்சுவரில் ஒரு அடி அடித்தான். அது சத்தமில்லாமல் நசுங்கியது. ஏன் இப்படியெல்லாம் தோன்றுகிறது. யாருக்குமே தோன்றும். பேருந்தில் இடிக்கிறவனை, கேள்வி கேட்கிற மேலதிகாரியை, வரிசையில் முந்துகிறவனை மனசுக்குள் எல்லோருமே அடித்துக் கொல்கிறார்கள், அதில் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சிரிப்பு. அவன் குளித்துவிட்டுத் துண்டோடு வந்துகொண்டிருந்தான், சமையலறையில் அரசி போனில் அவள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள், சங்கரன்கோவில் அக்கா சிவகாமி, பேச்சு என்னவென்று காதில் விழவில்லை, சிரிப்பு விழுந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சு வாங்கி, நிறுத்தப் பார்த்து முடியாமல் மறுபடியும் கிளம்புகிற சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பு இவளிடம் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாள். அவன் நிழல் வாசல்படியில் விழுந்ததும் குழாயை மூடியதுபோலச் சிரிப்பு நின்றது. சிரித்ததற்காக அவனுக்குக் கோபம் இல்லை, அவன் அப்படிப்பட்டவன் இல்லை, நின்றதற்காகத்தான். 'ஏன் நிறுத்திட்ட?' என்றான். 'எத?' 'சிரிப்ப.' 'ஒண்ணுமில்ல, அக்காதான். சும்மா பேசிக்கிட்டிருந்தோம்.' 'என்னையப் பத்தியா?' 'உங்களப் பத்திப் பேச என்ன இருக்கு.' இந்த இடம். காலையிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். உங்களப் பத்திப் பேச என்ன இருக்கு. சமாதானமாகச் சொன்னாளா, உங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை பயப்படாதீர்கள் என்ற மாதிரி. இல்லை குத்திச் சொன்னாளா, பேசுவதற்குக்கூட லாயக்கில்லாத ஆள் நீ என்று. குரல் இரண்டுக்கும் பொருந்தியது. கண் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. போனைக் கொடு என்றான். அவள் போனைப் பின்னால் ஒளித்தாள், சின்னப் பிள்ளை மாதிரி, அதுதான் பொறுக்கவில்லை, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது ஒன்றுமில்லாத பேச்சில். கையைப் பிடித்து முறுக்கினான். அவள் கீறினாள். அவள்தான் முதலில் ரத்தம் வரவைத்தாள், அதையும் சொல்லவேண்டும், கேட்டால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். மாவுப் பாத்திரம் உருண்டது. அவன் தள்ளினான். சரி, தள்ளினான். தள்ளியதில் வழுக்கினாள். தள்ளாமலே வழுக்கியிருப்பாள், தரை அப்படி.

மேஜைமேல் இருந்த அவன் பை அதிர்ந்தது. ஒரு கண்ணாடிக்குடுவை அதன் பக்கத்தில் நின்றதால் கிணுகிணுவென்று சத்தம் வந்தது. நிலோபர் நிமிர்ந்தாள். 'உங்க போன் சார்.' அவன் போன் சட்டைப்பையில் இருந்தது. பையில் இருப்பது அரசியின் போன். எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், ஏன் எடுத்தான், கையில் இருந்தது, வந்துவிட்டது. 'கடன் வேணுமான்னு கேக்கறவனா இருக்கும்,' என்றான். அதிர்வு நின்றது. மறுபடியும் தொடங்கியது. அவன் எழுந்து போய்ப் பைக்குள் கைவிட்டு, திரையைப் பார்க்காமல் அணைக்கப் பார்த்தான், பார்க்காமல் முடியவில்லை, 'அக்கா' என்று இருந்தது, அதற்குக் கீழே காலையிலிருந்து அவள் கூப்பிட்டதெல்லாம் வரிசையாக நின்றது. சிரிப்பின் நடுவில் அறுந்த பேச்சு. அந்தப் பக்கம் சிவகாமிக்கு என்ன கேட்டிருக்கும். போன் தரையில் விழுந்தபோது இணைப்பு துண்டித்திருந்ததா. முதலில் விழுந்தது போனா அரசியா. பொத்தானை அழுத்தி அணைத்தான். சிவகாமிக்கு அவனை என்றைக்குமே பிடிக்காது. கல்யாணத்தன்று பந்தியில் அவன் இலையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை உப்பைக்கூட அளந்துதான் வைப்பாரு போல என்று சொன்னவள். அவளை ஊரோடு சேர்த்துக் கொளுத்தவேண்டும் என்று நினைத்தான், நிதானமாக நினைத்தான், மண்ணெண்ணெய் வாசம்கூட வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாலைந்து வரி இறங்கியிருந்தது, திரையின் மேல்பாகத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ திரண்டுகொண்டிருந்தது, இன்னும் உருவம் பிடிபடவில்லை.

அடிக்கிறவன் என்றால் அது வேறு ஆள். அடிக்கிறவனை அவனுக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் அரசாங்கக் குடியிருப்பில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் அப்பா பெல்ட்டைக் கழற்றும் சத்தம், கொக்கி முதலில் ஒரு கிலுக்கு, அப்புறம் தோல் உரசும் இழுப்பு. அடுத்த வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள், அவர்களுக்கும் வேறு என்ன செய்யத் தெரியும். கட்டிலுக்கு அடியில் ஒன்பது வயதுப் பையன் படுத்துக்கொண்டு, அம்மாவின் கால் தரையில் தேய்வதைப் பார்த்துக்கொண்டு, நான் பெரியவனானதும் இந்த ஆளைக் கொல்வேன் என்று பல்லைக் கடித்தான். முடிந்ததும் அப்பா கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார். அம்மா பரிமாறுவாள். 'ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து' என்பார். அவர்தான் அடிக்கிறவர், தினமும், சொல்லிவைத்து, பெல்ட்டோடு. நல்லசிவம் பெல்ட்டைத் தொட்டதில்லை. அவனுக்கு எப்போதாவது நேர்ந்துவிடும். ஒருமுறை அரசியின் சுண்டுவிரல் உடைந்தது, அது நேர்ந்தது. ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இவனையும் பார்த்துவிட்டு, எப்படி ஆச்சு என்றார். இவன் வாயைத் திறப்பதற்குள் அரசி, 'பீரோக் கதவு டாக்டர், நானே சாத்திக்கிட்டேன்,' என்றாள். எவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. வரும் வழியில் வண்டியை நிறுத்தி இரண்டு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தான், அவள் கட்டுப்போடாத கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தலையில் வைக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளிடம் எப்போதும் ஒரு கதவு இருந்தது, ஒரு குளியலறைத் தரை, ஒரு கொதிக்கிற எண்ணெய். இன்றைக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துவைத்திருப்பாள். பேச முடிந்தால். பேச முடிந்தால் என்று ஏன் நினைத்தான்.

'சார்,' என்று நிலோபர் எழுந்து வந்தாள். குரல் மாறியிருந்தது, சந்தோஷம். 'பன்றி சார் அது.' திரையில் பார்த்தான். சாம்பலுக்குள் கறுப்பாக ஒரு முதுகு, முதுகில் மயிர் குத்திட்டு நின்றது, வளைந்த தந்தம், அதன் கழுத்தில் ஒரு நாய் கவ்விக்கொண்டு தொங்கியது. இன்னொரு நாய் வயிற்றுக்கு அடியில். மூலையில் ஒரு கை மட்டும் வந்திருந்தது, ஈட்டியைப் பிடித்த கை, ஆள் இன்னும் வரவில்லை, கீழ் வரிகளில் வருவான். 'எவ்வளவு சுண்ணாம்புக்குக் கீழ இருந்திருக்கு பாருங்க. அந்த நாயோட பல்லு தெரியுது சார், ஒவ்வொரு பல்லும்,' என்றாள். அவள் இப்படித்தான், எதைப் பார்த்தாலும் முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி. 'கழுத்துக்கிட்ட வெளிச்சமா இருக்கே, அது என்ன?' 'விலகியிருக்கு. அங்க சுண்ணாம்புக்கும் சித்திரத்துக்கும் நடுவுல காத்து. தொட்டா உதிர்ந்துரும்.' 'அப்ப அங்க முதல்ல பசை ஏத்தணும்.' 'ஆமா.' வேலையைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் நன்றாக இருந்தது, அவனுக்கே கேட்க நன்றாக இருந்தது, இந்தக் குரலை உடையவன் ஒருத்தியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்திருக்க முடியாது. பிடித்தான். அவள் கூந்தலைத் துண்டில் சுற்றியிருந்தாள், துண்டு அவிழ்ந்தது, ஈரமயிர் கையில் சுருண்டது, தள்ளவில்லை, இழுத்தான், இழுத்து மேடைக்கல்லில் அடித்தான். சத்தம், நனைந்த துணியைக் கல்லில் ஓங்கித் துவைத்தாற்போல, ஆனால் துணிக்குள் கெட்டியாக ஏதோ இருந்தது. ஒருதரம். அதோடு முடிந்திருந்தால் கைமீறிப்போயிற்று என்று சொல்லலாம். அவள் கத்தவில்லை. அவனைப் பார்த்தாள், யாரையோ பார்ப்பதுபோல, வழி கேட்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்போது அவனுக்குக் கோபம் இல்லை, அதுதான் விஷயம், கோபம் முதல் அடியோடு போய்விட்டது, கை மட்டும் மயிரை விடவில்லை. மறுபடியும் அடித்தான். நிலோபர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். 'சார், கேக்குதா?' 'என்ன?' 'முழுப்படம் எப்ப வரும்னு கேட்டேன்.' 'நாலு மணி ஆயிரும்,' என்றான்.

நாலு மணி. நாலுக்குமேல் வேன். கீழ்வீட்டு ரெபெக்கா அக்காவின் எண் அவன் போனில் இருந்தது, எடுத்துத் திரையில் வைத்துக்கொண்டான். மேல போய்க் கொஞ்சம் பாருங்கக்கா, அரசி எடுக்க மாட்டேங்கறா. அவ்வளவுதான் சொல்லவேண்டும். ரெபெக்கா படியேறுவாள், மூச்சிரைக்க, பூட்டைப் பார்ப்பாள். வெளியே பூட்டியிருக்கே தம்பி என்பாள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், வழுக்கியதைச் சொல்லலாம், வேலை அவசரத்தைச் சொல்லலாம், இந்தப் பூட்டை என்ன சொல்வது. ஏன் பூட்டினான். ரத்த முகத்தோடு அவள் படியில் இறங்கி நாலு பேர் பார்க்கக்கூடாது என்று பூட்டினான். அதாவது அவள் எழுந்து நடப்பாள் என்று அப்போது நினைத்திருக்கிறான், அப்படியானால் உயிருக்கு ஒன்றுமில்லை என்றுதானே நினைத்திருக்கிறான், அது அவனுக்குச் சாதகம். உள்ளேயிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு, அதனால் அவள் ஆணியில் மாட்டும் சாவியையும் எடுத்துக்கொண்டான். வெளியே வந்தான். செருப்பை மாட்டினான். கதவைப் பூட்டும்போதுதான் பார்த்தான், செருப்பு வைக்கிற தட்டில், அவனுடைய ஷூவுக்குப் பக்கத்தில், கோமதியின் கறுப்பு ஷூ. உள்ளே உருட்டித் திணித்த வெள்ளை சாக்ஸ். அவளுக்கு இருப்பது அந்த ஒரு ஜோடிதான். நேற்று ராத்திரி அரசி சொன்னாள், 'பிள்ளைக்கு மேலு சுடுது, நாளைக்கு லீவு போடட்டும்.' அவன் கட்டுரை எதையோ வாசித்துக்கொண்டிருந்தான், ம் என்றான். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் போர்வைக்குள் கிடந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், ஏன் நிறுத்திட்டியிலிருந்து, மாவுப் பாத்திரம் உருண்டதிலிருந்து, முதலாவது, இரண்டாவது. பிள்ளை இத்தனை நேரம் அங்கே அம்மாவோடு என்ற நினைப்பு முதலில் வரவில்லை. சாட்சி என்ற சொல்தான் முதலில் வந்தது. தன் உள்ளங்கை அவள் வாயின்மேல் அழுந்துவதை, காய்ச்சல்மூச்சு விரலிடுக்கில் சுடுவதைக் கண்டான், அது ஒரு கணம்தான், அடுத்த கணம் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். எழுந்தான். போகவேண்டும், இப்போதே ஓடவேண்டும், ஆட்டோ பிடித்தால் அரைமணி. நின்றான். கருவி ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் போனால் எல்லாம் வீண். உட்கார்ந்தான்.

அப்போது நிலோபரின் போன் அடித்தது. புது எண் போலிருக்கிறது, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுத்தாள். 'ஹலோ... யாரு?... சொல்லும்மா.' மறுபக்கம் சின்னக் குரல், சொல் புரியவில்லை, வேகமாக ஓடிற்று, இடையில் நின்றது, ஓடிற்று. அந்த நிறுத்தம் அவனுக்குத் தெரியும். எச்சில் விழுங்கிவிட்டுப் பேசுகிற பழக்கம். நிலோபர் அவனைப் பார்க்கவில்லை. சுவர்த்துண்டைப் பார்த்துக்கொண்டே, 'ம்... ம்... எந்த ஆஸ்பத்திரி?... கூட யாரு இருக்கா?... ரெபெக்கா ஆன்ட்டியா, சரி, அவங்க கையைப் பிடிச்சுக்கோ... இருக்காரும்மா. இங்கதான் இருக்காரு,' என்றாள். அவன் போனை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. பேசிக்கொண்டே கதவுப்பக்கம் நடந்தாள், தாழ்வாரத்தில் யாருக்கோ கையால் ஜாடை காட்டினாள், திரும்பி வாசலிலேயே நின்றுகொண்டாள். 'நீ அழாத. நான் வர்றேன். நான் வந்துடறேன்.' போனை இறக்கினாள். காலையிலேயே எல்லாம் முடிந்திருக்கிறது. அவன் இறங்கித் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிள்ளை தன் சாவியால் கதவைத் திறந்து, வெறுங்காலோடு கீழே ஓடியிருக்கிறாள். அவன் இங்கே மட்டம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கேபிள் சொருகிய நேரத்தில், சாப்பிட்ட நேரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு எங்கெங்கோ நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

'அவ என்ன சொன்னா?' என்று கேட்டான்.

நிலோபர் உதட்டை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டாள். 'யாரு, கோமதியா?'

'இல்ல. அரசி. ஆஸ்பத்திரில என்ன சொன்னா?'

'உயிரோட இருக்காங்களான்னு நீங்க கேக்கல சார்.'

அவன் கேட்கத்தான் போகிறான் என்பதுபோல வாயைத் திறந்தான். கேள்வி வரவில்லை. அவளே சொன்னாள். 'இருக்காங்க. மண்டையில எலும்பு விரிசல் விட்டிருக்காம். தையல் போட்டிருக்காங்க. மத்தியானம் கண்ணு முழிச்சாங்களாம்.' தாழ்வாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். 'போலீஸ்கிட்ட அவங்களே சொல்லிட்டாங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு உறுதியா தெரியணும்னுதான் பொடிக்கணக்கு நோட்டுல இருந்த என் நம்பருக்கு அந்தப் பிள்ளைய விட்டுப் பேச வச்சிருக்காங்க. போலீஸ் வந்துட்டிருக்காங்க.'

சொல்லிவிட்டாள். கதவு இல்லை, தரை இல்லை, எண்ணெய் இல்லை. அரசி அவன் பெயரைச் சொல்லிவிட்டாள், முன்பின் தெரியாத ஆளிடம், கட்டுப்போட்ட தலையோடு, அந்தச் சுத்தமான குரலில். அவனுக்கு அது துரோகமாகப் பட்டது, இத்தனை வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றிய ஒன்றை ஒருத்தி தனியாகப் போட்டு உடைத்தது மாதிரி. வாசலில் இவள் நிற்கிறாள், மிஞ்சிப்போனால் தோளுயரம் இருப்பாள், ஆறு வருஷமாகப் பொடி வாங்கித் தின்றவள், இவளுக்கு என்ன தெரியும், இவள் யார் என் பிள்ளையை அழாதே என்று சொல்ல. அறை சின்னதாகிக்கொண்டு வந்தது. திரையில் பன்றியின் கால் வந்துவிட்டது. வாசல், வாசலுக்கு அப்பால் தாழ்வாரம், தாழ்வாரத்துக்கு அப்பால் தெரு, பேருந்து, எங்கேயாவது. நடுவில் இவள் ஒருத்தி.

'அதைக் கீழ வையுங்க சார்,' என்றாள் நிலோபர்.

எதை என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தான். தன் வலது கை. கையில் கருவித்தாங்கியின் உபரிக் கம்பி, முழங்கை நீளம், கனத்த இரும்பு. மேஜையில் கிடந்ததை எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. ஏன் எடுத்தான் என்று தெரியவில்லை. இரண்டடி முன்னால் வந்திருக்கிறான், அதுவும் தெரியவில்லை. கை தோளுக்கு மேலே போயிருந்தது. அவன் மனசில் அந்த நேரம் கோபம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்டாற்போல இருந்தது, கை மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நேர்ந்துவிட்டது, கைமீறிவிட்டது, வழுக்கிவிட்டது என்று காலையிலிருந்து அடுக்கிவைத்த சொற்கள் ஒவ்வொன்றாக அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போயின. இது அவன் கை. வேறு யாருடையதும் இல்லை. நிலோபர் பின்னால் நகரவில்லை, நகர முடியவில்லை போலிருக்கிறது, கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. 'சார்,' என்றாள் மறுபடியும், மிகச் சன்னமாக. கீழே வைக்கவேண்டும் என்று நினைத்தான். விரல் பிரியவில்லை. நினைத்துக்கொண்டே நின்றான்.

காவலாளி தேவசகாயம் தாழ்வாரத்திலிருந்து ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தார், பட்டாளத்தில் இருந்த ஆள், நிலோபரை ஒரு கையால் ஓரமாக விலக்கிவிட்டு உள்ளே வந்து கம்பியின் மறுநுனியைப் பிடித்தார். ஒருமுறை திருகினார். கம்பி அவர் கைக்குப் போய்விட்டது. தினமும் காலையில் வணக்கம் சார் என்று சொல்கிறவர் அவன் மேல்கையைப் பிடித்தார், சதையோடு சேர்த்து, எலும்புவரை அழுந்துகிற பிடி. நிலோபர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள், இரண்டு கையையும் மடியில் வைத்து ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டாள். 'அவங்களுக்குத் தண்ணி குடுங்க யாராவது,' என்று தேவசகாயம் வெளியே பார்த்துச் சொன்னார். அப்புறம் அவனிடம், 'கீழ போலாம் சார். ஜீப் வந்துரும்.' தாழ்வாரத்தில் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். முதல் படியில் கால் வைக்கும்போது தோள்பட்டையிலிருந்து விரல்வரை ஒரு வலி ஓடியது.

'வலிக்குது,' என்றான் நல்லசிவம். 'கொஞ்சம் விடுங்க. நான் வர்றேன்.'

தேவசகாயம் விடவில்லை.